ஒரே ஏடு, பல கைகள்



மேலை நாட்டுப் பியானோ இசையில் வால்ட்ஸ் என்றொரு வகை உண்டு. அதன் வரலாற்றையும், அதனைக் கேட்டுச் சுவைக்கும் முறையையும் இன்றைய உரையில் காண்போம். இவ்வுரை முழுவதும் ஒரு வினாவைச் சுற்றியே அமையும். மேலை இசையில் பாட்டு முழுவதும் ஏட்டில் எழுதப்பட்டுள்ளது. எந்தச் சுரம், எவ்வளவு நீளம், எந்த இடத்தில் ஓங்க வேண்டும், எந்த இடத்தில் அடங்க வேண்டும் என்பவை குறிகளாக அச்சிடப்பட்டுள்ளன. அங்ஙனமிருக்க, ஒரே ஏட்டை வைத்து வாசிக்கும் இரு கலைஞர்களின் வாசிப்பு ஏன் ஒன்றுபோல் இருப்பதில்லை? அவ்விருவருள் எவர் வாசிப்பது சரி?

இவ்வினாவிற்கு விடை காண, பிரெடெரிக் ஷோப்பான் என்னும் இசைமேதையின் வால்ட்ஸ்களை எடுத்துக்கொள்வோம். அவர் 1810ஆம் ஆண்டு போலந்து நாட்டில் வார்சா நகருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். 1849ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில் காலமானார். முப்பத்தொன்பது ஆண்டுகளே வாழ்ந்த அவர், தம் படைப்புகளில் பெரும்பாலானவற்றைப் பியானோ ஒன்றுக்காகவே எழுதினார்.

முதலில், வால்ட்ஸ் என்பது யாது? அது மூன்றடித் தாளத்தில் அமைந்த ஒரு நடன இசை. நம் இசையில் திசிர நடை என்று கூறுவோமே, அதுபோல் மூன்று மூன்றாக எண்ணப்படுவது. முதல் அடி அழுத்தமாகவும் அடுத்த இரண்டும் மென்மையாகவும் விழும். ஆஸ்திரியா, தென் ஜெர்மனி ஆகிய பகுதிகளின் நாட்டுப்புற மக்கள் ஆடிய நடனங்களிலிருந்து இது தோன்றியது. ஆணும் பெண்ணும் ஒருவரையொருவர் அணைத்துச் சுழன்று ஆடுவது முறையன்று எனப் பெரியோர் பலர் முகஞ்சுளித்தனர். ஆயினும் அதன் பரவலை எவராலும் தடுக்க இயலவில்லை. நெப்போலியனின் போர்களுக்குப் பின் ஐரோப்பிய அரசுகள் 1814, 1815ஆம் ஆண்டுகளில் வியன்னாவில் கூடிப் பேசிய நாளில், மாலை வேளைகளை அங்கே வால்ட்ஸ்தான் ஆண்டது.

அந்த வியன்னாவிற்கு 1830ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில் ஷோப்பான் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபது. அவர் வந்த சில நாள்களில், ரஷ்ய ஆட்சிக்கு எதிராக வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. தாயகம் போர்க்களமாகியது. இளைஞரோ அயல் நகரில் தனித்து நின்றார். கச்சேரி நடத்தவும் தம் படைப்புகளை வெளியிடவும் அவர் செய்த முயற்சிகள் பெரும்பாலும் பலிக்கவில்லை. மூத்த யோகான் ஸ்ட்ராஸ், யோசெஃப் லான்னர் ஆகிய இருவரின் நடன வால்ட்ஸ்களே அந்நகர மக்களின் செவிகளை நிறைத்திருந்தன. அவ்விசைக்கு முன் வேறெதற்கும் அங்கே இடமில்லை என்று ஷோப்பான் தம் கடிதங்களில் வருந்தினார். வியன்னாவின் வழக்கம் எதுவும் தமக்கு ஒட்டவில்லை, வால்ட்ஸை முறையாக ஆடக்கூடத் தமக்குத் தெரியாது என்றும் வீட்டாருக்கு எழுதினார்.

1831ஆம் ஆண்டு அவர் பாரிஸ் சென்றடைந்தார். வால்ட்ஸோடு ஒட்டாத அவ்விளைஞரே பின்னாளில் பியானோ வால்ட்ஸுக்குப் புதிய பொருள் தந்தார். 1834இல் அவருடைய முதல் வால்ட்ஸ் வெளிவந்தது. ஓப்பஸ் 18 என்பது அதன் எண். ஓப்பஸ் என்பது படைப்பு வரிசையைக் குறிக்கும் சொல். 1838இல் மூன்று, 1840இல் ஒன்று, 1847இல் மூன்று என, தம் வாழ்நாளில் அவர் வெளியிட்டவை மொத்தம் எட்டு வால்ட்ஸ்களே.

இவை ஆடுவதற்காக எழுதப்பட்டவை அல்ல. அமர்ந்து கேட்பதற்காக எழுதப்பட்டவை. 1838இல் வெளிவந்த ஏ மைனர் வால்ட்ஸ் மிகவும் மெதுவானது. அதன் முதல் மெட்டை இடக்கைதான் தாழ்ந்த குரலில் பாடுகிறது. அதற்கு எவரும் சுழன்று ஆட முடியாது. 1840இல் வெளிவந்த ஏ ஃபிளாட் வால்ட்ஸிலோ, இடக்கை மூன்று மூன்றாக எண்ணிக்கொண்டிருக்க, வலக்கையின் மெட்டு இரண்டு இரண்டாக நடைபோடுகிறது. இந்த வால்ட்ஸைப் பற்றி எழுதிய ராபர்ட் ஷூமான், இதற்கு ஆட வேண்டுமானால் ஆடும் மகளிருள் பாதிப்பேராவது பிரபு குலத்தவராக இருக்க வேண்டும் என்று நயமாகக் குறிப்பிட்டார். நடனத்தின் நினைவே இங்குப் பாடலாகிறது எனலாம்.

ஆடுவதற்கான இசையாயின், ஆடுவோரின் கால்களே வேகத்தைத் தீர்மானித்துவிடும். கேட்பதற்கான இசையில் அந்தக் கட்டு இல்லை. ஆகவே வேகத்தை எவர் தீர்மானிப்பது, எங்கே தயங்குவது, எங்கே விரைவது என்னும் வினாக்கள் எழுகின்றன. வாசிப்பில் வேறுபாடு பிறக்கும் முதல் இடம் இதுவே.

ஏடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1847இல் வெளிவந்த மூன்று வால்ட்ஸ்களுள் இரண்டாவது, சி ஷார்ப் மைனர் வால்ட்ஸ், உலகெங்கும் அறியப்பட்டது. அதன் தலைப்பில் உள்ள இத்தாலியக் குறிப்பு, 'தக்க வேகத்தில்' என்று மட்டுமே பொருள்படும். ஒரு நிமிடத்திற்கு இத்தனை அடிகள் என்னும் எண் அங்கே இல்லை. எது தக்க வேகம் என்பதை வாசிப்பவரே உணர வேண்டும். அதில் மூன்று பகுதிகள் உள்ளன. முதற்பகுதி தயங்கித் தயங்கிப் பேசுவது போன்றது. இரண்டாம் பகுதி சுழித்தோடும் நீரைப் போன்றது. மூன்றாம் பகுதி மெதுவாக, ஆறுதல் கூறுவது போன்று அமைந்தது. சுழித்தோடும் பகுதி மூன்று இடங்களில் வருகிறது. ஒவ்வோர் இடத்திலும் இரட்டித்து வருகிறது. ஏறத்தாழ ஒரே சுரங்களை ஆறு முறை கேட்கிறோம். ஆறு முறையும் ஒன்றுபோல் வாசித்தால் அது இயந்திரமாகிவிடும். வேறுபடுத்த வேண்டும் என்பது தெளிவு. எப்படி வேறுபடுத்துவது என்பதை ஏடு முழுவதும் சொல்வதில்லை.

நம் வகுப்பறையிலும் இதனைக் காண்கிறோம். பாடநூலிலுள்ள ஒரு பாடலை இரண்டு மாணவர் படிக்கின்றனர். எழுத்துப்பிழை இருவரிடமும் இல்லை. ஆயினும் ஒருவர் நிறுத்தும் இடத்தில் மற்றவர் நிறுத்துவதில்லை. பாடலின் பொருளும் சற்றே மாறி ஒலிக்கிறது. அச்சில் சொற்கள் இருக்கின்றன. மூச்சு படிப்பவரிடம் இருக்கிறது.

ஷோப்பான் இதைப் பற்றி என்ன கருதினார்? அவர் பாரிஸில் பியானோ கற்பித்தே வாழ்ந்தவர். அவருடைய மாணவர்கள் விட்டுச்சென்ற குறிப்புகள் நமக்குக் கிடைத்துள்ளன. காரல் மிக்குலி என்னும் மாணவர், ஆசிரியரின் பியானோவின்மேல் தாளக்கருவி எப்போதும் இருந்தது என்று கூறுகிறார். தாளத்தில் அவர் அத்துணைக் கண்டிப்பானவர். அதே வேளையில் 'ரூபாட்டோ' என்னும் முறையை அவர் மிக விரும்பினார். ரூபாட்டோ என்பது இத்தாலியச் சொல். 'திருடப்பட்டது' என்பது பொருள். ஒரு சுரத்திற்குரிய காலத்தில் சிறிது எடுத்து மற்றொரு சுரத்திற்குத் தருவதே அம்முறை.

கண்டிப்பும் திருட்டும் எவ்வாறு ஒன்றாக இருக்க முடியும்? இடக்கை இசைக்குழு நடத்துநரைப் போன்றது, அது தளரக் கூடாது. வலக்கை பாடகரைப் போன்று சற்று முந்தியும் பிந்தியும் செல்லலாம் என்பதே அவர் கற்பித்த நெறி என மாணவர்கள் எழுதியுள்ளனர். இத்தாலியப் பாடகர்களைச் சென்று கேளுங்கள், அவர்கள் மூச்சு விடும் முறையைக் கவனியுங்கள் என்றும் அவர் மாணவர்களுக்கு அறிவுறுத்துவார். ஆயின் இக்கோட்பாட்டிலும் ஒரு சிக்கல் உண்டு. ஷோப்பான் தம் நாட்டு நடன வகையாகிய மசூர்க்கா ஒன்றை வாசித்தபோது, மூன்றடித் தாளம் இரண்டடியாக ஒலிக்கிறது என மேயர்பேர் என்னும் இசையறிஞர் வாதிட்டாராம். ஷோப்பான் சினந்து, மூன்றுதான் என்று எண்ணிக் காட்டினாராம். அருகிலிருந்த லென்ஸ் என்னும் மாணவர் இதனைப் பதிந்துள்ளார். தாம் எண்ணியபடியே வாசிப்பதாக ஆசிரியர் கருதுகிறார். தேர்ந்த செவியோ வேறாகக் கேட்கிறது. ஆக, படைத்தவரின் கையிலேயே ஏடும் ஒலியும் வேறுபட்டிருந்தன.

இதைவிட வலுவான சான்று ஒன்றுண்டு. ஷோப்பான் சில வால்ட்ஸ்களை வெளியிடாமல், தம் கையாலேயே படியெடுத்து நண்பர்களுக்குப் பரிசாக அளித்தார். 1835ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், டிரெஸ்டன் நகரில், மரியா வொட்ஜின்ஸ்கா என்னும் போலந்து நாட்டு நங்கைக்கு ஏ ஃபிளாட் வால்ட்ஸ் ஒன்றை எழுதிக் கொடுத்தார். அவளை மணக்க அவர் விரும்பினார், அத்திருமணம் நடைபெறவில்லை. பிற்காலத்தார் அந்த வால்ட்ஸுக்குப் 'பிரியாவிடை' என்று பெயரிட்டனர். அதே வால்ட்ஸை அவர் வேறு சிலருக்கும் எழுதிக் கொடுத்துள்ளார். அப்படிகள் ஒன்றுபோல் இல்லை. தம் கையெழுத்திலேயே அவர் மெட்டின் அணிகளை மாற்றிக்கொண்டே சென்றார்.

வெளியிடப்படாத ஏடுகளை எரித்துவிடுமாறு ஷோப்பான் இறுதிக் காலத்தில் கேட்டுக்கொண்டார். ஆயினும் அவருடைய குடும்பத்தாரின் இசைவுடன், நண்பர் யூலியன் ஃபொண்டானா 1855ஆம் ஆண்டு அவற்றை அச்சிட்டார். ஐந்து வால்ட்ஸ்கள் அவ்வாறு உலகிற்குக் கிடைத்தன. ஈ மைனரில் அமைந்த மற்றொன்று 1868இல் வெளிவந்தது. எட்டும் ஐந்தும் ஒன்றும் சேரப் பதினான்கு. ஃபொண்டானாவின் அச்சில் உள்ளவை ஷோப்பானின் கையெழுத்துப் படிகளிலிருந்து பல இடங்களில் வேறுபடுகின்றன. ஆகவே இன்றைய பதிப்புகள் சில வால்ட்ஸ்களுக்கு இரண்டு வடிவங்களையும் அச்சிட்டுத் தருகின்றன. எதை வாசிப்பது என்பதைத் தெரிவு செய்யும் பொறுப்பு கலைஞருடையது. ஷோப்பான் தம் படைப்பை ஒருமுறை வாசித்தவாறு மறுமுறை வாசித்ததில்லை என்று, 1848இல் இலண்டனில் அவரைக் கேட்ட ஹிப்கின்ஸ் என்பவரும் கூறியுள்ளார்.

இனி ஒலிப்பதிவுக் காலத்திற்கு வருவோம். ஷோப்பானின் விரல்களைக் கேட்கும் பேறு நமக்கு இல்லை. ஆனால் அவருக்குப் பின் வந்த பெருங்கலைஞர்களை ஒலித்தட்டுகள் காத்து வைத்துள்ளன. சி ஷார்ப் மைனர் வால்ட்ஸை ரஷ்ய நாட்டு செர்கே ரக்மானினோஃப் 1927இல் பதிவு செய்தார். அவரும் பெரிய இசைப் படைப்பாளர். ஆகவே பிறர் படைப்பையும் தாம் படைப்பது போன்றே வாசித்தார். மீண்டும் வரும் பகுதியில், அதுவரை மறைந்திருந்த சுரங்களை வெளியே இழுத்துக் காட்டுவார். ஆர்த்தர் ரூபின்ஸ்டைன் ஷோப்பானின் நாட்டவர். அவர் 1963இல் செய்த பதிவில் அத்தகைய புதுமைகள் குறைவு. தாளம் நிமிர்ந்து நடக்கிறது. மெட்டு பெருந்தன்மையோடு பாடுகிறது. ரக்மானினோஃபைக் கேட்டபின் ரூபின்ஸ்டைனைக் கேட்போர் இது எளிமை என்பர். இரண்டாம் முறை கேட்டால், அவ்வெளிமைக்குள் இருக்கும் அளவறிந்த கட்டுப்பாடு புலப்படும்.

இவ்விருவரினும், ஆசிரியர்களாகிய நமக்குப் பாடமாக அமைவோர் வேறு இருவர். ஒருவர் ஆசிரியர், மற்றவர் அவருடைய மாணவர். ஆசிரியர் ஆல்ஃபிரெட் கோர்த்தோ. பாரிஸில் இசைப்பள்ளி ஒன்றை நிறுவிய இணையருள் ஒருவர். ஷோப்பானின் படைப்புகளைப் பயிற்சிக் குறிப்புகளுடன் பதிப்பித்தவர். மாணவர் ருமேனியா நாட்டு டினு லிப்பாட்டி, 1917இல் பிறந்தவர். 1933ஆம் ஆண்டு வியன்னாவில் நடந்த ஒரு போட்டியில் லிப்பாட்டிக்கு இரண்டாம் பரிசே தரப்பட்டது. நடுவராயிருந்த கோர்த்தோ, இஃது அநீதி என்று கூறி நடுவர் குழுவிலிருந்து விலகினார். அடுத்த ஆண்டு லிப்பாட்டி பாரிஸ் சென்று கோர்த்தோவிடம் பயின்றார்.

அதே 1934ஆம் ஆண்டு கோர்த்தோ அப்பதினான்கு வால்ட்ஸ்களையும் பதிவு செய்தார். அப்பதிவில் தவறிய சுரங்கள் ஆங்காங்கே உண்டு. காலத்தை அவர் மனம்போல் நீட்டுகிறார், சுருக்குகிறார். ஆயினும் ஒவ்வொரு வால்ட்ஸும் ஒரு கதை சொல்வது போல் ஒலிக்கிறது. பதினாறு ஆண்டுகள் கழித்து, 1950ஆம் ஆண்டு ஜூலையில், ஜெனீவாவில் லிப்பாட்டி அதே பதினான்கையும் பதிவு செய்தார். அச்சிட்ட வரிசையைப் பின்பற்றாமல், தம் செவிக்கு ஏற்ற வரிசையில் அவற்றை அமைத்தார். ஒவ்வொரு சுரமும் கழுவி வைத்தாற் போன்ற தூய்மை. காலத்தின் நெகிழ்வு மிகச் சிறிது. ஆயினும் உயிரற்ற இடம் ஒன்றில்லை. இவ்விரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பவர், ஒருவர் மற்றவரின் மாணவர் என நம்பத் தயங்குவர். ஆசிரியரைப் படியெடுக்காத மாணவர் அவர். அதனால் ஆசிரியருக்கு இழிவு நேர்ந்ததா? இல்லை. இசையை உள்ளூர நேசிக்கக் கற்பித்தார் ஆசிரியர். எவ்வாறு நேசிப்பது என்பதை மாணவர் தாமே கண்டுகொண்டார்.

லிப்பாட்டியைப் பற்றி இன்னும் ஒன்று கூற வேண்டும். ஜெனீவாவில் பதிவு செய்தபோதே அவர் கொடிய இரத்தப் புற்றுநோய் வகை ஒன்றால் வாடிக்கொண்டிருந்தார். 1950ஆம் ஆண்டு செப்டம்பர் 16ஆம் நாள், பிரான்சின் பெசான்சோன் நகரில் அவர் கச்சேரி நடைபெற்றது. செல்ல வேண்டா என்று மருத்துவர் தடுத்தனர். வருவதாக வாக்களித்துவிட்டேன் என்று அவர் சென்றார். பிற படைப்புகளுக்குப் பின், பதினான்கு வால்ட்ஸ்களையும் வாசிக்கத் தொடங்கினார். பதின்மூன்று முடிந்தன. பதினான்காவதை வாசிக்க உடலில் வலிமை இல்லை. எழுந்து சென்றார்; சற்றுப் பின் திரும்பி வந்து, பாக் என்னும் பெரும் இசையறிஞரின் தேவாலய இசையொன்றை வாசித்து விடைபெற்றார். அவ்வாண்டு டிசம்பர் 2ஆம் நாள், முப்பத்து மூன்றாம் வயதில் மறைந்தார். அன்றைய கச்சேரியைப் பிரெஞ்சு வானொலி பதிவு செய்தமையால், அப்பதின்மூன்று வால்ட்ஸ்களும் இன்றும் கேட்கக் கிடைக்கின்றன. ஜூலையில் பதிந்ததையும் செப்டம்பரில் வாசித்ததையும் ஒப்பிட்டுக் கேட்போர், இரண்டாவதில் ஒரு துணிவையும் அவசரத்தையும் உணர்கின்றனர். ஒரே மனிதர், ஒரே ஏடு, இரண்டு மாத இடைவெளி. வாசிப்பு மாறியது.

எனின், எவரும் எப்படியும் வாசிக்கலாமா? கூடாது. அதற்கு ஓர் எடுத்துக்காட்டு, 'நிமிட வால்ட்ஸ்' என்று பெயர் பெற்ற டி ஃபிளாட் வால்ட்ஸ். ஆங்கிலத்தில் நிமிடத்தையும் மிகச் சிறியதையும் குறிக்கும் சொற்கள் எழுத்தளவில் ஒன்றே. சிறிய வால்ட்ஸ் என்னும் பொருளில் அமைந்த பெயரை, ஒரு நிமிடத்தில் முடிக்க வேண்டியது எனப் பலர் பிழையாகக் கொண்டனர். அவ்வாறு விரைபவர் சுரங்களை எண்ணிக் காட்டுவார், நடனத்தைக் காட்டமாட்டார். தேர்ந்த கலைஞர் பலருக்கு ஒன்றரை நிமிடத்திற்கு மேல் ஆகிறது. நடுப்பகுதி பாடுவதற்கு மூச்சு வேண்டுமல்லவா? உரிமை வேறு, பொருளறியாமை வேறு என்பதற்கு இது தக்க சான்று.

அண்மைக் காலச் செய்தி ஒன்றும் இங்கே பொருந்தும். நியூயார்க் நகரின் மார்கன் நூலகத்தில் இருந்த ஒரு சிறிய ஏட்டுத் துண்டு, ஷோப்பான் கையால் எழுதிய, அதுவரை அறியப்படாத ஏ மைனர் வால்ட்ஸ் என ஆய்வாளர் முடிவு செய்தனர். 2024ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் அச்செய்தி வெளிவந்தது. அத்துண்டு ஏறத்தாழ அஞ்சலட்டை அளவினது. தாளும் மையும் எழுத்தின் பாங்கும் அவருடையவை. மேலே உள்ள பெயர் மட்டும் வேறொருவர் எழுதியது. சீன நாட்டுக் கலைஞர் லாங் லாங் அதனைப் பதிவு செய்தார். அதனை அவருக்கு முன் எவரும் பதிவு செய்ததில்லை. பின்பற்ற ரூபின்ஸ்டைன் இல்லை, கோர்த்தோ இல்லை. ஏடும் கைகளும் மட்டுமே. ஒவ்வொரு வால்ட்ஸும் ஒருநாள் அந்நிலையில்தான் இருந்தது என்பதை அந்தச் சிறு துண்டு நினைவூட்டுகிறது.

நேயர்களே, தோட்டப்புறத்தில் வாழும் நம்மில் பெரும்பாலோருக்குப் பியானோவைத் தொட்டுப் பார்க்கும் வாய்ப்பே அரிது. ஆயினும் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. ஒரு வால்ட்ஸைத் தெரிவு செய்யுங்கள். சி ஷார்ப் மைனரே போதும். இரண்டு கலைஞர்களின் வாசிப்பைக் கேளுங்கள். முதலில் இடக்கையைக் கவனியுங்கள். மூன்றடித் தாளம் நிற்கிறதா, தள்ளாடுகிறதா எனப் பாருங்கள். அடுத்து, மெட்டு எங்கே மூச்சு விடுகிறது என்று கேளுங்கள். பின்பு, சுழித்தோடும் பகுதி மீண்டும் வரும்போது என்ன மாறுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். எவர் சிறந்தவர் என்னும் தீர்ப்பை அதுவரை ஒத்திவையுங்கள். ஒருவர் ஏன் இவ்வாறு வாசித்தார் என்னும் வினா எழுந்தபின், தீர்ப்பு அத்துணை இன்றியமையாததாகத் தோன்றாது.

ஒரே விடையை எல்லாரும் ஒன்றுபோல் எழுத வேண்டும் என்பது தேர்வுக்கூடத்தின் தேவை. நம் பிள்ளைகளுக்கு அதனைக் கற்பிக்கத்தான் வேண்டும். அதனோடு, ஏட்டில் உள்ளதைப் பிழையின்றிக் கற்று, தாளம் தவறாமல், பின் தன் மூச்சில் அதனைச் சொல்லவும் ஒரு பிள்ளை பழக வேண்டும். ஷோப்பான் தம் மாணவர்களிடம் எதிர்பார்த்தது அதையே. கோர்த்தோ தம் மாணவரிடம் கண்டதும் அதையே.